கம்போடியா மழைக்காலம்: ஆறு திரும்பி ஓடுற ஊர்ல எப்படிச் சுத்துறது?

வணக்கம் மக்களே! சத்தம் கேக்குதா? தகரக் கூரை மேல மழை. நான் அங்கோர் வாட் கோயில் பக்கத்து ஊரான சியம் ரீப்ல ஒரு நூடுல்ஸ் கடைத் தாழ்வாரத்துல நிக்கிறேன். மணி மூணே கால்.

நிறைய பேர் கேட்டீங்க, செப்டம்பர்ல கம்போடியா போலாமா, மழை படுத்தாதான்னு. தாராளமா போலாம். தோன்லே சாப் ஏரியைப் பாக்கணும்னா இப்பதான் வரணும்.

இங்க மே மாசம் புடிச்சா அக்டோபர் வரைக்கும் மழை. ஆனா நம்ம ஊர்ப் புயல் மழை மாதிரி நாள் கணக்கா அடைச்சுப் பெய்யறது குறைவு. பெரும்பாலும் காலைல வெயில் இருக்கும், மத்தியானத்துக்கு மேல கறுத்துக்கிட்டு வந்து ஒரு மணி, ரெண்டு மணி நேரம் கொட்டிட்டு விட்டுரும். அதனால என் ஊர்சுத்தல் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சுரும்.

பஸ் விஷயத்துல மட்டும் இதை மறந்துட்டேன். தலைநகர் புனோம் பென்ல இருந்து இங்க வர 6-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலைல 300 கிலோமீட்டருக்கு மேல. ஆறு மணி நேரம்னு சொல்லி மத்தியான பஸ்ல ஏத்திவிட்டாங்க. வழியில மழை, அப்புறம் இருட்டு, வந்து சேர ஒம்போது மணி நேரம். டிக்கெட் குடுத்தவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு இன்னும் கோபம் ஆறல. காலைல முதல் பஸ்ஸைப் புடிங்க. 2023-ல திறந்த புது ஏர்போர்ட்டும் ஊர்ல இருந்து 50 கிலோமீட்டர் கிட்ட இருக்கு, நேரத்தோட கிளம்பிருங்க.

ஊருக்குள்ள ரெமோர்க்தான். பைக்குக்குப் பின்னால கொக்கி போட்டு இழுக்கிற வண்டி. இன்னைக்குத் தூறல் விழுந்ததுமே டிரைவர் ஓரங்கட்டிட்டார். கூரை ஓரமா சுருட்டி வச்சிருந்த பிளாஸ்டிக் திரையை ஒவ்வொரு பக்கமா இறக்கி மாட்டி, என் பையை நடு சீட்டுக்கு நகத்தி வச்சுட்டு, அப்புறம்தான் தன்னோட மழைக்கோட்டைத் தேடினார். அதுக்குள்ள சட்டை தொப்பலா நனைஞ்சிருச்சு. இங்க மூத்தவங்களை ‘போங்’னு கூப்பிடுவாங்க, நாம அண்ணே, அக்கான்னு சொல்ற மாதிரி. மழைல ஓட்டுற போங்குக்குப் பேசுன கூலிக்கு மேல கொஞ்சம் சேத்துக் குடுங்க மக்களே.

இப்ப ஏரிக்கு வரேன். தோன்லே சாப் ஆறு வெயில் காலத்துல ஏரித் தண்ணியைக் கொண்டுபோய் புனோம் பென்ல மீகாங் ஆத்துல சேக்கும். மழைக்காலத்துல மீகாங் பொங்கி எழும்புது பாருங்க, அப்ப அந்தத் தண்ணி இந்த ஆத்துக்குள்ள ஏறி, ஆறே ஏரியைப் பாத்துத் திரும்பி ஓடும்! காவிரி பூம்புகார்ல இருந்து மேட்டூருக்கு ஓடினா எப்படி இருக்கும்? சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்ல கிடக்கிற ஏரி 10,000-ஐத் தாண்டி விரியும். கரைக் காடெல்லாம் முழுகும், மீனுங்க அங்கதான் குஞ்சு பொரிச்சு வளரும். நாட்டுக்கே சோத்துக்கு மீன் குடுக்கிற ஏரி இது.

நேத்து காலைல ஏரிக்கரைல இருக்கிற கம்போங் புளுக் கிராமத்துக்குப் போயிருந்தேன். வெயில் காலத்துல ரெண்டு மாடி உயரக் கால் மேல வீடு நிக்கும். நேத்து ஒரு வீட்டு ஏணில தண்ணிக்கு மேல தெரிஞ்ச படியை எண்ணிப் பாத்தேன், ஏழு. மிச்சமெல்லாம் தண்ணிக்குள்ள. கடைசிப் படில ஒரு பாட்டி உக்காந்து, அப்படியே கையை நீட்டி ஏரித் தண்ணில தட்டு கழுவிட்டு இருந்தாங்க. முழுகுன காட்டுக்குள்ள சின்னத் துடுப்புப் படகுல அந்த ஊர்ப் பொம்பளைங்க கூட்டிட்டுப் போறாங்க. கிளையெல்லாம் தலை உயரத்துல உரசும். மார்ச்ல வந்தா இந்த இடம் வெறும் தரை.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். பட்டம்பாங், பைலின் பக்கம் கிராமத்துல சுத்தினா ஆளுங்க நடந்து பழகுன தடத்தை விட்டு இறங்கவே இறங்காதீங்க. போர்க் காலத்துல புதைச்ச கண்ணிவெடி இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு, வெள்ளம் அதை இடம் மாத்திப் போட்டுரும்.

மழை விடுது. நாளைக்கு பட்டம்பாங்குக்குப் படகுலயே போறேன். வெயில் காலத்துல தண்ணி வத்தி இந்தப் படகுங்க தரைதட்டும், இப்ப ஆத்துல நல்லா தண்ணி இருக்கு. படகு காலைல ஏழு மணிக்கு. லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஏறுவேன். இதோ, போங் திரையைச் சுருட்டிட்டார், கூப்பிடுறார்.