எட்டு சோதனை, ஏழு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் இனா என்ற நிறுவனம் ஓடு தயாரித்து வந்தது. சுவரிலும் தரையிலும் பதிக்கிற ஓடு, நாம் டைல்ஸ் என்கிறோமே அதுதான். 1953ஆம் ஆண்டுவாக்கில் அவர்களுக்கு ஒரு தலைவலி. சூளைக்குள் அடுக்கி அனுப்பிய டைல்ஸில், அடுக்கின் ஓரத்தில் இருந்தவை ஓர் அளவிலும், நடுவில் இருந்தவை வேறு அளவிலும் வெந்து வெளியே வந்தன. காரணம் எல்லோருக்கும் தெரியும். சூளைக்குள் எல்லா இடத்திலும் ஒரே சூடு இல்லை. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் சூளையில் கை வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிது.

அங்கிருந்த பொறியாளர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். சூடு ஏறி இறங்கினால் இறங்கட்டும், அதற்கு அசைந்து கொடுக்காத மண் கலவை ஒன்றைக் கண்டுபிடித்தால் என்ன? இந்த முறைக்குப் பின்னால் இருந்தவர் ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சி. மாற்றிப் பார்க்கக்கூடியவை ஏழு என்று பட்டியல் போட்டார்கள். சுண்ணாம்புக்கல் எவ்வளவு, சேர்க்கும் பொடி எவ்வளவு நைசாக இருக்க வேண்டும், அகல்மடோலைட் என்ற கனிமம் எவ்வளவு, அதில் எந்த ரகம், ஒரு தடவைக்குப் போடும் மூலப்பொருளின் எடை, திரும்பச் சேர்க்கும் கழிவு, ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. சுண்ணாம்புக்கல் என்றால் ஏற்கெனவே போட்டுவந்த 1 சதவீதமா, புதிதாக 5 சதவீதமா என்பது போல. எல்லாச் சேர்க்கையையும் பார்ப்பதென்றால் 128 சோதனை வேண்டும். அவர்கள் செய்தது எட்டு.

அந்த எட்டையும் மனம் போன போக்கில் எடுக்கவில்லை. ஏழில் எதை எடுத்தாலும், நான்கு சோதனையில் அது முதல் நிலையிலும் நான்கில் இரண்டாம் நிலையிலும் வரும். ஒன்று முதல் நிலையில் இருக்கும் அந்த நான்கில், மற்ற ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி வந்துவிடும். இப்படிச் சமமாகப் பங்கு வைத்த அட்டவணைக்கு ஆர்த்தோகனல் அரே என்று பெயர். ஒவ்வொரு சோதனையிலும் நூறு டைல்ஸை எடுத்துப் பார்த்தார்கள். 5 சதவீதம் சுண்ணாம்புக்கல் போட்ட நான்கு சோதனைகளில் கழிவானவை 16, 17, 12, 6. 1 சதவீதம் போட்ட நான்கில் 6, 68, 42, 26.

இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். குறைந்தபட்சமான 6 இரண்டு பக்கமும் இருக்கிறது. யாராவது ஒரே ஒரு தடவை பழைய 1 சதவீதக் கலவையில் ஓட்டிப் பார்த்து, நூற்றுக்கு ஆறுதான் போனது என்று கண்டிருந்தால், சுண்ணாம்புக்கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்திருப்பார். நான்கு நான்காகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. 5 சதவீதத்தில் 400க்கு 51, 1 சதவீதத்தில் 400க்கு 142. கலவையிலேயே விலை கூடுதலான அகல்மடோலைட்டைக் குறைத்தாலும் அளவு கெடாது என்பதும் அதே எட்டு சோதனையில் தெரியவந்தது. சூளை அப்படியே இருந்தது.

நம் ஊர் ஃபவுண்டரிகளில், அதாவது உலோகத்தை உருக்கி மணல் அச்சில் வார்க்கும் ஆலைகளில், நான் அதிகம் பார்த்தது இதற்கு நேர் எதிரான வழக்கம். வார்ப்பில் ப்ளோ ஹோல், அதாவது வாயு அடைத்த ஓட்டை, விழுகிறது. திங்கட்கிழமை மணலின் ஈரத்தைக் குறைக்கிறார்கள், ரிஜெக்‌ஷன் இறங்குகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. புதன்கிழமை மறுபடியும் ஏறுகிறது. உடனே ஊற்றும் சூட்டைக் கூட்டுகிறார்கள். அடுத்த வாரம் கோர் பைண்டரை, அதாவது உள் அச்சின் மணலை ஒட்டவைக்கும் பசையை, மாற்றுகிறார்கள். மாதக் கடைசியில் எது எதனால் ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. உழைப்பிலோ அனுபவத்திலோ குறைவே கிடையாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அசைக்காதே என்று பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் படித்த பாடம் எல்லோர் மனத்திலும் ஆழமாகப் பதிந்துவிட்டது. தொழிற்சாலைக்கு அந்தப் பாடம் போதாது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஏன் போதாது? பழைய இரண்டு தட்டுத் தராசு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடக் குறையக் காட்டும். இரண்டு பொருளின் எடை வேண்டும், இரண்டு தடவைதான் நிறுக்கலாம். எல்லோரும் என்ன செய்வோம்? இதை ஒரு தடவை, அதை ஒரு தடவை. அப்படிச் செய்யாமல், முதல் தடவை இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள், கூட்டு எடை கிடைக்கும். அடுத்து ஒன்றை இந்தத் தட்டிலும் மற்றதை அந்தத் தட்டிலும் வையுங்கள், வித்தியாசம் கிடைக்கும். கூட்டி இரண்டால் வகுத்தால் ஒன்றின் எடை, கழித்து இரண்டால் வகுத்தால் மற்றதன் எடை. ஒவ்வொன்றையும் தனியாக இரண்டு தடவை, ஆக மொத்தம் நான்கு தடவை நிறுத்தால் கிடைக்கும் துல்லியம் இரண்டே நிறுவையில் வந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு நிறுவையும் இரண்டு பொருளைப் பற்றியும் பேசுகிறது. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹரால்ட் ஹோட்டெலிங் 1944இல் இதை விரிவாக எழுதினார். டைல்ஸ் சோதனையிலும் இதேதான் நடக்கிறது. எட்டு சோதனையும் ஏழு கேள்விக்கும் பதில் சொல்கின்றன.

இந்தச் சிந்தனை வயலில் பிறந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்தார் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். பயிர்ச் சோதனையில் ஒரு பதிலுக்கு ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். உரத்துக்கு ஒரு வருடம், விதைக்கு ஒரு வருடம் என்று போனால் ஆயுள் போதாது. பல கேள்விகளை ஒரே வயலில் ஒன்றாகக் கேட்கும் வழியை அவர் வகுத்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யச் சொன்னவரும் அவரே.

அந்த அட்டவணைகளின் கணிதத்தில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆர்த்தோகனல் அரே என்ற கருத்தை 1940களில் உருவாக்கியவர் சி. ஆர். ராவ். கல்கத்தாவில் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆள். டகுச்சியே 1954-55இல் அந்தக் கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்தார். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. இங்கே பிறந்த கணக்கை ஜப்பான் சூளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. நாம் பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் வைத்துக்கொண்டோம். விதிவிலக்குகள் உண்டு. சென்னை பாடியில் அன்று இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது முதல் தடவை.

சோதனையில் இறங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. தொழில் நிலையாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் 1924இல் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம் அதற்குத்தான். அளந்த எண்களை வரிசையாகப் புள்ளி வைத்து, அவை வழக்கமான எல்லைக்குள் இருக்கின்றனவா என்று அதில் பார்க்கலாம். தினமும் தானாகவே துள்ளிக்கொண்டிருக்கும் எந்திரத்தில் சோதனை நடத்தினால், துள்ளியது எது, நீங்கள் மாற்றியதால் வந்தது எது என்று பிரிக்க முடியாது.

அடுத்தது குலுக்கல். பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள், அட்டவணையில் இருக்கும் வரிசையிலேயே ஒன்று முதல் எட்டு வரை ஓட்டிவிடுகிறார்கள். டைல்ஸ் எண்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். அட்டவணையில் சுண்ணாம்புக்கல் கூடிய நான்கும் முதலில் வருகின்றன, குறைந்த நான்கும் பிறகு வருகின்றன. ஒரு ஃபவுண்டரியில் இதை அப்படியே ஓட்டினால் முதல் நான்கு காலை ஷிப்டில் முடியும், அடுத்த நான்கு உச்சி வெயிலில் நடக்கும். மணல் காய்ந்தது கணக்கில், சுண்ணாம்புக்கல் இருந்த இடத்தில் நீங்கள் வைத்திருக்கும் காரணியின் பேரில் ஏறிவிடும். எட்டுச் சீட்டு எழுதிப் போட்டு எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

டகுச்சியின் அட்டவணைகளைச் சமையல் குறிப்புபோல அப்படியே எடுத்தாள்வதை நான் ஏற்பதில்லை. எட்டு சோதனைக்குள் ஏழு காரணியை அடைத்தால், இரண்டு காரணி சேர்ந்து செய்யும் வேலை மூன்றாவது ஒன்றின் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும். ஈரம் மட்டும் கூடினால் ஒன்றும் ஆகாது, சூடு மட்டும் கூடினாலும் ஆகாது, இரண்டும் கூடினால் வார்ப்பு கெடும் என்பது போன்ற கூட்டு விளைவு தொழிலில் சாதாரணம். அதனால் முதன்முதலாகச் செய்பவர்களுக்கு என் யோசனை, மூன்று காரணியோடு நிறுத்துங்கள். மூன்றுக்கு எல்லாச் சேர்க்கையும் சேர்த்தே எட்டுதான். கூட்டு விளைவும் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். எட்டும் முடிந்து எது நல்லது என்று தெரிந்த பிறகு, அந்த நிலையில் இன்னொரு தடவை ஓட்டி உறுதி செய்யாமல் எதையும் நிரந்தரமாக மாற்றாதீர்கள்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டில் சில மோசமாகத்தான் வரும், வரவேண்டும். 68 டைல்ஸ் வீணான அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தியிருந்தால் கணக்கே நின்றிருக்காது. சூப்பர்வைசரை அன்றைக்குத் திட்டாதீர்கள்.

அவ்வளவு கழிவைத் தாங்க முடியாத சிறு பட்டறைக்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் ஐசிஐ என்ற ரசாயன நிறுவனத்தின் சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்த புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் 1957இல் சொன்ன வழி அது. உற்பத்தியை நிறுத்த வேண்டாம். விற்கக்கூடிய சரக்கு வந்துகொண்டிருக்கும் எல்லைக்குள்ளேயே சூட்டையும் நேரத்தையும் சிறிது கூட்டிக் குறைத்து, அதே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒரு சுற்றில் ஒன்றும் புலப்படாது. சுற்றுகள் சேரச் சேர, எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது சராசரியில் தெரியும். அந்தப் பக்கம் நகர்ந்து அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். பொறுமை வேண்டும், தினமும் எண்ணை எழுதிவைக்கும் ஓர் ஆள் வேண்டும். பெரிய கணினியோ விலை உயர்ந்த மென்பொருளோ தேவையில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்குத் துணை தூரத்தில் இல்லை. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உண்டு. போகும்போது உங்கள் தொழிற்சாலையின் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரையும் கையோடு கொண்டுபோங்கள். நன்றி, வணக்கம்.