இரண்டாம் வீட்டு வரியும் உள்ளூர்க்காரர் கூரையும்

அவைத்தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில், செயின்ட் ஐவ்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மீன்பிடித்துப் பிழைத்த ஊர், தெருக்கள் ஒடுக்கமானவை. குளிர்காலத்து மாலையில் அங்கே நடந்தால் எது குடியிருக்கும் வீடு, எது விடுமுறை வீடு என்று கதவைத் தட்டாமலே சொல்லிவிடலாம். விடுமுறை வீட்டில் விளக்கு எரியாது. கதவோரச் சுவரில், எண்களை அழுத்தித் திறக்கும் சிறிய சாவிப் பெட்டி பதித்திருக்கும். அந்தப் பெட்டி பதித்த வீடு உள்ளூர் மன்றத்துக்குக் கட்டும் வரியைப் பற்றியும், அந்த வரி போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

1993இல் கவுன்சில் வரி என்ற உள்ளூர் வீட்டு வரி நடைமுறைக்கு வந்தபோது இத்தகைய இரண்டாம் வீட்டுக்குப் பாதி வரிதான். ஆளில்லாத வீட்டில் குப்பை சேராது, அங்கிருந்து எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வராது, ஆகவே மன்றத்துக்குச் செலவு குறைவு என்பது அன்றைய கணக்கு. இங்கிலாந்தில் 2004 ஏப்ரல் முதல் அந்தச் சலுகையை 10 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள மன்றங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2013இல் அடியோடு எடுத்துவிடவும் அனுமதி கிடைத்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, ஓராண்டு முன்கூட்டியே முடிவெடுத்துக்கொண்டு, முழு வரிக்கு மேல் இன்னொரு முழு வரியை மேல்வரியாக விதிக்கலாம் என்றது. ஏறத்தாழ 13,000 இரண்டாம் வீடுகள் உள்ள கார்ன்வால் மன்றம் 2025 ஏப்ரல் முதல் அதை விதிக்கிறது. பாதி வரி இரட்டை வரியானதற்குக் காரணம், கணக்குப் பார்க்கும் முறையே திரும்பியதுதான். அந்த வீட்டுக்கு மன்றம் எவ்வளவு செலவழிக்கிறது என்று முன்பு பார்த்தார்கள். அந்த வீடு ஆண்டில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடப்பதால் ஊருக்கு என்ன செலவு என்று இப்போது பார்க்கிறார்கள்.

அந்தச் செலவைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் வரியை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்துக்கு வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்கிறார்; அந்த வீடு விடுமுறைக்காரர்களுக்கு வார வாடகைக்குப் போகிறது. ஊரில் வேறு வாடகை வீடு அகப்படாமல் குடும்பம் மன்ற அலுவலகத்துக்கு வருகிறது. வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மன்றத்தின் சட்டக் கடமை. பிள்ளைகள் உள்ள குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டால் தற்காலிகத் தங்கிடம் கொடுத்தே ஆகவேண்டும். மன்றத்தின் சொந்த வீடுகளில் கணிசமான பகுதி, குடியிருந்தவரே வாங்கிக்கொள்ளலாம் என்ற 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் விற்றுப்போயிற்று. எனவே குடும்பம் விடுதி அறைக்கு அனுப்பப்படுகிறது: ஒரே அறை, இரண்டு கட்டில், சமையலுக்கு ஒரு மைக்ரோவேவ் அடுப்பு, பிள்ளையின் பள்ளிக்கு இரண்டு பேருந்து. அந்த அறை வாடகையில் மத்திய அரசு திருப்பித் தரும் பங்கோ 2011 ஜனவரி வாடகை நிலவரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விடுதிக்காரர் இன்றைய விலை கேட்கிறார், அரசு அன்றைய விலை தருகிறது. இடையிலுள்ள பள்ளத்தை மன்றம் தன் கையிலிருந்து நிரப்புகிறது. சுற்றுலா ஊரில், கோடை வந்தால், அந்த விடுதி அறையும் கிடைக்காது.

இந்தப் பள்ளத்தை நிரப்ப மேல்வரியைத் திருப்பிவிட்டதில் வேல்ஸின் வடமேற்கிலுள்ள க்வினெத் மன்றம் முன்னோடி என்பேன். 2014ஆம் ஆண்டு வேல்ஸ் வீட்டுவசதிச் சட்டம் 2017 முதல் 100 சதவீதம் வரை மேல்வரிக்கு இடம் கொடுத்தது. 2023 முதல் உச்சவரம்பு 300 சதவீதம். க்வினெத் 2018இல் 50 சதவீதத்தில் தொடங்கி, 2021இல் 100, 2023இல் 150 என்று ஏறியது. வந்த பணத்தில் பெரும்பங்கைத் தன் வீட்டுவசதிச் செயல்திட்டத்துக்கு ஒதுக்கியது. கடைசி உயர்வு வீடற்றோருக்கான செலவுக்கென்றே சொல்லிச் செய்யப்பட்டது. அந்தப் பகுதியின் அபர்சோக் கிராமத்தில் விடுமுறை வீடுகள் பெருகிப் பிள்ளைகள் குறைந்து, 2021 இறுதியில் தொடக்கப் பள்ளியையே மூடினார்கள். வெல்ஷ் மொழி வீட்டுமொழியாக வாழும் வட்டாரம் அது என்பதால், அங்கே வீட்டுப் பிரச்சினை மொழிப் பிரச்சினையும் ஆகிறது.

இனி என் கருத்து. மேல்வரி நியாயமானது, ஆனால் அதைப் பொதுக் கருவூலத்தில் கொட்டுவது வீண். இங்கிலாந்தில் வரி உண்டு. அந்தப் பணம் வீட்டுவசதிக்கே போகவேண்டும் என்று சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. டெவன் போன்ற இடங்களில் நிலைமை இன்னும் கோணல்: சால்கோம் கடற்கரையில் வீடிழந்த குடும்பத்தைக் கவனிக்க வேண்டியது சவுத் ஹாம்ஸ் என்ற மாவட்ட மன்றம், வசூலிக்கும் வரியில் பெரும்பங்கோ அதற்கு மேலுள்ள கவுன்டி மன்றத்துக்குப் போய்விடுகிறது. ஸ்காட்லாந்து 2005இலேயே, இரண்டாம் வீட்டுச் சலுகையைக் குறைத்து வரும் பணத்தை மலிவு வாடகை வீடுகளுக்கே செலவழிக்க வேண்டும் என்று விதித்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வரி பலித்தால் வருமானம் குறையும். உரிமையாளர் சலித்துப்போய் உள்ளூர்க் குடும்பத்துக்கு விற்றால், அந்த வீட்டிலிருந்து மேல்வரி வராது. இப்படித் தேயும் பணத்தை நம்பி நிரந்தரச் சம்பளங்களை ஏற்பது ஆற்று மணலில் அடித்தளம் போடுவது. வீடு வாங்குவது, பாழடைந்ததைப் பழுதுபார்ப்பது, நிலம் பிடிப்பது என்று ஒருமுறை செய்து பல்லாண்டு பலன் தரும் செலவுக்கே அது ஏற்றது. விடுதிக் கட்டணத்துக்கும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதிலேயே எல்லாம் கரைந்துவிட்டால் அடுத்த ஆண்டும் அதே விடுதி, அதே பில்.

வரியில் ஓட்டையும் உண்டு. வீட்டை வணிக விடுதியாகப் பதிந்துகொண்டால் கவுன்சில் வரியே இல்லை. இங்கிலாந்தில் ஆண்டு வாடகை மதிப்பீடு 12,000 பவுண்டுக்குள் இருக்கும் ஒற்றைச் சொத்துக்குச் சிறுவணிகச் சலுகையால் வணிக வரியும் இல்லை. 2023 முதல் அப்படிப் பதிய இங்கிலாந்தில் ஆண்டுக்கு 70 இரவாவது வாடகைக்குப் போயிருக்க வேண்டும், வேல்ஸில் 182. வேல்ஸின் எண்ணைக் கடுமை என்கிறார்கள் தொழில் செய்பவர்கள், அதிலும் உண்மை இருக்கிறது. வரியை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது: வேல்ஸின் பெம்புரோக்‌ஷயர் 2024இல் 200 சதவீதம் வரை போய், மறு ஆண்டே 150க்கு இறங்கியது.

ஆண்டுதோறும் குளிர்காலம் முடிவதற்குள் மன்றங்கள் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகின்றன. கூட்டத்தில் பொதுமக்கள் உட்காரலாம். சட்டம் திருந்தும்வரை, கார்ன்வாலிலும் சால்கோமிலும் இருப்பவர்கள் அங்கே போய், மேல்வரியாக வந்த தொகை வீட்டுவசதித் தலைப்பின்கீழ் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தங்கள் உறுப்பினரைக் கேட்கலாம்.