கண் கெட்ட பிறகு ஷவர் எதற்கு?

விழாத் தலைவர் அவர்களே, தொழிற்சாலைகள் ஆய்வாளர் அம்மா அவர்களே, இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய சாயப்பட்டறை உரிமையாளர் சங்கச் செயலாளர் அவர்களே (இந்த வெயிலில் பொன்னாடையும் ஒரு தீக்காயம்தான்), ஷிப்ட் முடிந்து சாப்பிடாமல் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

1966 மார்ச் 4-இல், வேலையிடத்து விபத்துகளைத் தடுப்பதற்கான தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கியது. அதனால்தான் இன்று பாதுகாப்பு நாள். மூன்று விஷயம் பேச வந்தேன்: கிளவுஸ், ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் வாங்கும் பெர்மிட், தண்ணீர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான் மூன்றுக்கும் தலைப்பு.

சரி, ஒரு கதை. ஈரோட்டுப் பக்கம் ஒரு சாய ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஸ்டிக் சோடா என்ற அரிக்கும் காரம் ஓடும் பம்பில், இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஒழுகல். "வால்வை மூடியாச்சு, கழட்டுங்கப்பா" என்றார் மேஸ்திரி. மூடியது உண்மைதான். வால்வுக்கும் பம்புக்கும் நடுவே குழாயில் நின்ற காஸ்டிக்கை மட்டும் யாரும் வடிக்கவில்லை. என் கூட்டாளி எதிர்ப்பக்கத்துப் போல்ட்டை விட்டுவிட்டுத் தன் முகத்துக்கு நேராக இருந்ததை முதலில் தளர்த்தினான். பீய்ச்சி அடித்தது.

மேலே பட்டதை உடனே கழுவ ஆலையில் வைத்திருக்கும் அவசர ஷவருக்கு ஓடினோம். சங்கிலியில் யாரோ வேட்டி காயப்போட்டிருந்தார்கள்! வேட்டியை உருவிவிட்டு இழுத்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டி கழுவ மூடிய வால்வாம், திறக்க மறந்துவிட்டார்களாம். அவனோ "ஒண்ணுமில்லண்ணே, வழவழன்னுதான் இருக்கு" என்கிறான். காஸ்டிக்கின் சூதே அதுதான். தோலின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும், எரிச்சல் பிறகுதான் தெரியும். காரத்தைப் புளிப்பால் முறிக்கலாம் என்று மேஸ்திரி எலுமிச்சம்பழம் தேடி ஓடினார். கேட்டுக்கு வெளியே டீக்கடை அக்கா ஒரே அதட்டல்: "பழத்தை ஊறுகாய்க்கு வெச்சுக்க, மொதல்ல தண்ணிய ஊத்து!" பாத்திரம் கழுவ நிறைத்து வைத்திருந்த அண்டா முழுக்க மொண்டு ஊற்றினோம். அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரி அன்றைக்கு அந்த அக்காதான். இவ்வளவு செய்தும் அவனுக்கு ஒரு கண் மங்கல். கண் கெட்ட பிறகு, மறுநாளே ஷவரில் தண்ணீர் வந்தது.

என்னை 'ஷவர் பைத்தியம்' என்கிறார்கள், இருக்கட்டும். காஸ்டிக், ஆசிட் குழாய் ஓடும் இடமெல்லாம் பத்து வினாடி நடைக்குள் ஒரு ஷவர், கண் கழுவ ஒரு குழாய். பதினைந்து நிமிடமாவது தண்ணீர் நிற்காமல் கொட்ட வேண்டும். வாரம் ஒருமுறை தொழிலாளி கையாலேயே இழுத்துப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் அம்மாவிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டார்கள். கிளவுஸும் பெர்மிட்டும் அடுத்த கூட்டத்துக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது. இன்று கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு உங்கள் ஆலை ஷவரை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் வந்ததா என்று பெயருக்கு எதிரே எழுதிக் கையெழுத்திடுங்கள்.