தாத்தா இல்லாத கப்பலுக்குப் புத்தகம்தான் துணை

[காட்சி: பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து கீழே. வல்லங்கள், விசைப்படகுகள். தள்ளி நங்கூரமிட்டு ஒரு சிறு சரக்குக் கப்பல்.]

வணக்கம். அங்கே நிற்கிற கப்பல் ரயில் பாலம் திறப்பதற்காகக் காத்திருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் வல்லங்களில் தேடினாலும் ஒரு புத்தகம் கிடைக்காது. அந்தக் கப்பலின் சுக்கான் அறையிலோ ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும்.

என் தாத்தா மண்டபத்திலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். கரையில் தெரியும் கோபுரமும் பனைமரமும் ஒரே நேராக வந்தால், கடலடியில் இருக்கும் இன்ன பார் (பாறைத்திட்டு) மேல் நிற்கிறோம் என்பார். அதற்குக் கணியம் என்று பெயர். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது, பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணை எப்போது முகம் மாறும், எல்லாம் மனப்பாடம். வெளியூரிலிருந்து வரும் கப்பலுக்கு இங்கே தாத்தா ஏது? அந்த இடத்தைத்தான் புத்தகங்கள் நிரப்புகின்றன.

[காட்சி: அலமாரி, புத்தக முதுகுகள்.]

கப்பலில் இந்தப் புத்தகங்கள் இருந்தே ஆக வேண்டும் என்கிற சட்டத்தின் பெயர் சோலாஸ். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம். 1912-ல் டைட்டானிக் மூழ்கியதால் 1914-ல் பிறந்தது. இன்று நடப்பில் இருப்பது 1974-ம் ஆண்டு ஒப்பந்தம், பல திருத்தங்களோடு. அதன் ஐந்தாம் அத்தியாயம், 27-ம் விதி கேட்பது இவ்வளவுதான்: போகும் பயணத்துக்குத் தேவையான கடல் வரைபடங்கள், கடல்வழிக் கையேடு, விளக்குப் பட்டியல், மாலுமிகளுக்கான அறிவிப்புகள், கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை எல்லாம் போதுமான அளவில் இருக்க வேண்டும், இன்றைய தேதி வரை திருத்தப்பட்டிருக்க வேண்டும். மீன்பிடிப் படகுகளுக்கு இதில் எவ்வளவு விலக்கு என்பதை அந்தந்த நாட்டு அரசே முடிவு செய்யலாம்.

கடல்வழிக் கையேடு என்பது தாத்தா பேசுவதைப் போலவே இருக்கும். கரை தூரத்திலிருந்து எப்படித் தெரியும், எங்கே மணல் திட்டு, எந்தக் காற்றில் எங்கே ஒதுங்கலாம் என்று கதையாகவே சொல்லிக்கொண்டு போகும்.

[காட்சி: கரும்பலகையில் ஒரு வரி.]

விளக்குப் பட்டியல் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இப்படிப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'எஃப்எல் (2) 10எஸ் 30எம் 18எம்'. எஃப்எல் என்றால் ஃப்ளாஷ்: 10 விநாடிக்கு ஒரு முறை இரண்டு தடவை மின்னும். அப்புறம் இரண்டு எம் வருகிறதே? முதலாவது சின்ன எழுத்து. விளக்கின் உயரம் 30 மீட்டர். இரண்டாவது பெரிய எழுத்து; வெளிச்சம் எட்டுவது 18 கடல் மைல், அதாவது சுமார் 33 கிலோமீட்டர். பயிற்சிக்கு வரும் பையன்கள் முதல் வாரம் இந்த இரண்டு எம்மில்தான் மாட்டுவார்கள். பட்டியல் புத்தகத்தில் இதோடு கோபுரத்தின் நிறம், வடிவம் எல்லாம் இருக்கும். பகலில் விளக்கு எரியாதே, அடையாளம் வேண்டுமல்லவா.

சரி, புத்தகம் வாங்கி அடுக்கிவிட்டால் வேலை முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம். வரைபடத்திலும் புத்தகத்திலும் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்வது மாலுமிகளுக்கான அறிவிப்பு. நம் நாட்டின் அறிவிப்பை டேராடூனில் இருக்கும் தேசிய நீரியல் வரைவு அலுவலகம் மாதம் இருமுறை வெளியிடுகிறது. ஓத அட்டவணையைப் போடும் இந்திய நில அளவைத் துறையின் பிரிவும் டேராடூன்தான். கடலே இல்லாத மலையடிவார ஊரிலிருந்து நம் கடலுக்குச் சேதி வருகிறது!

நான் செகண்ட் ஆபீசராக இருந்தபோது இந்தத் திருத்த வேலை என் தலையில். வரைபடத்தில் நிரந்தரத் திருத்தம் என்றால் ஊதா மை, தற்காலிகம் என்றால் பென்சில். போட்டு முடித்ததும் இடது கீழ் மூலையில் அறிவிப்பு எண்ணைக் குறிக்க வேண்டும். விளக்குப் பட்டியலுக்குக் கத்தரிக்கோலும் பசையும்: புதுத் திருத்தத்தை வெட்டி, பழைய வரி மேல் ஒட்ட வேண்டும். ஒருமுறை ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஆய்வாளர் ஏறினார். மற்ற எதையும் கேட்காமல் விளக்குப் பட்டியலை எடுத்து, ஒரு பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பசை இன்னும் ஈரம். முந்தின இரவு முழுக்க உட்கார்ந்து ஒட்டியது நான். சிரித்துவிட்டு, குறை என்று எழுதிவிட்டுத்தான் போனார்.

இப்போது பல கப்பல்களில் இதெல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. கத்தரிக்கோல் போனது, திருத்தம் போகவில்லை.

[காட்சி: பாம்பன் ரயில் பாலம்.]

திருத்தம் ஏன் என்பதற்கு இந்தப் பாலமே போதும். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு இறக்கைகள் மேல்நோக்கி விரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிப்ட் போல நேராக 17 மீட்டர் ஏறுகிறது. பழைய புத்தகத்தை நம்பி வரும் கேப்டன் இறக்கையைத் தேடிக்கொண்டிருப்பார்.

அலமாரியில் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று தேடுதல், மீட்புக் கையேட்டின் மூன்றாம் தொகுதி. மற்றது சர்வதேச சமிக்ஞைத் தொகுப்பு. அதில் வெள்ளையும் நீலமுமான 'ஏ' கொடிக்கு அர்த்தம்: 'கீழே ஆள் முங்கியிருக்கிறார், விலகி மெதுவாகப் போ'. சங்கு குளித்த கீழக்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

[காட்சி: பாலம் ஏறுகிறது. கப்பல் நகர்கிறது.]

கிளம்பிவிட்டது. சுக்கான் அறையில், கேப்டனுக்குப் பக்கத்தில் சட்டையை மடித்துவிட்டு நிற்கிறாரே, அவர் பாம்பன்காரர். வழிகாட்ட ஏறியிருக்கிறார். அவ்வளவு புத்தகம் இருந்தும் இந்தக் கால்வாய்க்குள் ஒரு தாத்தா தேவைப்படுகிறார்.