வெள்ளிக்கிழமை நாலு மணி டிஸ்சார்ஜ்

(நியூ ஜெர்சியில் ஹோம் ஹெல்த் என்ற வீட்டு மருத்துவப் பராமரிப்பு, ஹாஸ்பிஸ் என்ற கடைசிக் காலப் பராமரிப்பு வேலைகளில் இருக்கும் தமிழர்கள் கூடிய ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில், அக்கவுண்டபிள் கேர் பற்றிப் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். சாம்பார் சாதம் சாப்பிட்ட கையோடு என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

முதலில் ஒரு கேள்வி. நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து 'இந்த நோயாளியைப் பாருங்கள்' என்று ரெஃபரல் வந்தவர்கள் கை தூக்குங்கள். ம்... பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். சரி, இறக்கிக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப உங்களிடம் வருகிறேன்.

சில வருஷம் முன்னால் எனக்கும் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை. எழுபத்தெட்டு வயசுக்காரர், இருதயம் பலவீனம், ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி வீட்டுக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் நாம் முதல் விசிட் போக வேண்டும். ஞாயிறு காலைக்கு நர்ஸைப் போட்டோம். விதிக்குள்தான் இருந்தோம். சனிக்கிழமை ராத்திரி அவர் குளியலறையில் விழுந்தார், ஆம்புலன்ஸ் வந்தது.

அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை மேல் ஒரு மருந்துப் பை. உள்ளே லாசிக்ஸ் என்று ஒரு பாட்டில், ஃபுரோசமைடு என்று இன்னொன்று. பழையது வீட்டில் ஏற்கெனவே இருந்தது, புதியது ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்தது. இரண்டும் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் ஒரே மருந்து. மனிதர் இரண்டையும் ஒழுங்காக, வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். தண்ணீரெல்லாம் வற்றி, தலை சுற்றி விழுந்தார். பத்து நிமிஷ வேலை, அந்தப் பையை மேஜையில் கொட்டிப் பார்ப்பது. அதைச் செய்ய வெள்ளிக்கிழமை ராத்திரி ஆள் இல்லை.

இதில் எங்களுக்கு ஒரு காசு நஷ்டம் கிடையாது. ஒரு ஃபாரம் நிரப்பினோம், அவ்வளவுதான். அன்றைக்கு நாட்டில் நம் தொழிலுக்கு இருந்த கணக்கு அப்படி.

அக்கவுண்டபிள் கேர் அந்தக் கணக்கை மாற்றுகிறது. தமிழில் 'பொறுப்பு' என்று சொன்னாலே போதும். கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காய் வாங்குகிறவருக்குத் தனிக் கூலி, சமையல்காரருக்குத் தனிக் கூலி, பரிமாறுகிறவர்களுக்குத் தனிக் கூலி. மூன்றாம் பந்தியில் சாம்பார் தீர்ந்தால் மூன்று பேரும் "என் வேலையை நான் செஞ்சிட்டேன்" என்பார்கள். அதற்காகத்தான் ஒரு மாமாவிடம் பந்தியை ஒப்படைப்பார்கள். மொத்தச் செலவும் அவர் கையில், எல்லோரும் சாப்பிட்டார்களா என்பதும் அவர் தலையில். ஏசிஓ, அதாவது அக்கவுண்டபிள் கேர் ஆர்கனைசேஷன், என்பது அந்த மாமா.

இந்தப் பெயர் 2006-இல் மருத்துவ ஆய்வாளர் எலியட் ஃபிஷரும், மெடிகேர் பற்றி நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவின் அன்றைய தலைவர் க்ளென் ஹேக்பார்த்தும் பேசிக்கொண்டிருந்தபோது வந்தது. 2010-இல் ஒபாமா காலச் சட்டத்தில் ஏறியது, 2012-இல் மெடிகேர் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறைந்தது 5,000 மெடிகேர் நோயாளிகளுக்கு ஒரு டாக்டர் கூட்டம் பொறுப்பேற்க வேண்டும். அவர்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவு ஆகும் என்று மெடிகேர் ஒரு தொகையைக் குறிக்கும். தரமும் குறையாமல் செலவும் அதற்குக் கீழே வந்தால், மிச்சத்தில் பங்கு உண்டு. எந்தப் படியில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 40 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை. மேல்படிகளில், செலவு கூடினால் கையிலிருந்து கட்டவும் வேண்டும். 2025 ஜனவரிக் கணக்கில் இந்தத் திட்டத்தில் மட்டும் 476 ஏசிஓக்கள், ஒரு கோடியே 12 லட்சம் பேர். தனியார் திட்டத்துக்குப் போகாமல் பழைய மெடிகேரில் இருப்பவர்கள் எல்லோரையும் 2030-க்குள் இப்படி ஏதோ ஒரு பொறுப்புக்குள் கொண்டுவருவதாக மெடிகேரே இலக்கு வைத்தது. "இது போயிடும், பழையபடி ஆயிடும்" என்று என்னிடம் சொன்ன ஒரு ஏஜென்சி முதலாளி பத்து வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதில் நாம் எங்கே? நோயாளி யார் கணக்கில் சேர்கிறார் என்பதை, அவர் முதன்மை மருத்துவத்துக்கு அதிகமாகப் போகிற டாக்டரை வைத்து முடிவு செய்கிறார்கள். நாம் அறுபது நாள் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தாலும் அவர் நம் கணக்கில் வர மாட்டார். நாம் பரிமாறுகிறவர்கள். ஆனால் இலையில் என்ன மிச்சம், யார் பசியோடு எழுந்து போனார் என்று நமக்குத்தான் தெரியும், மாமாவுக்குத் தெரியாது. நம் பலமே அதுதான். அதை நாம் கணக்கெழுதி வைத்ததே இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். எங்களுக்கு நோயாளிகளை அனுப்பச் சொல்லிக் கேட்க முதல்முறை ஒரு ஏசிஓ அலுவலகத்துக்குப் போனபோது பழைய வழக்கப்படி பளபளப்பாக அச்சடித்த பிரசுரமும் டோனட் டப்பாவுமாகப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா டோனட்டைத் தொடவில்லை. மூன்று கேள்வி கேட்டார். டிஸ்சார்ஜ் ஆகி எத்தனை மணி நேரத்தில் உங்கள் நர்ஸ் வீட்டில் இருப்பார்? இருதய நோயாளிகளில் முப்பது நாளுக்குள் எத்தனை பேர் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் நம்பருக்கு அடித்தால் யார் எடுப்பார்?

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "எங்கள் நர்ஸ்கள் ரொம்ப அன்பானவர்கள்" என்றேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இங்கே பலர் அக்கவுண்டபிள் கேருக்குத் தயாராவது என்றால் பெரிய சாஃப்ட்வேர் வாங்குவது என்று நினைக்கிறார்கள். விற்கிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு ஆள் வைப்பது. ராத்திரி போனை ஒரு ஆன்சரிங் சர்வீஸ் எடுத்து, பெயரும் நம்பரும் எழுதிவைத்து, "நர்ஸ் கூப்பிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்குகிறவர் நர்ஸ் கூப்பிடும் வரை காத்திருக்க மாட்டார், அவசர உதவிக்கு 911 அடிப்பார். அந்தப் பணத்தை எடுத்து, போனை நேராக எடுக்கும் ஒரு நர்ஸை வைத்தோம். விசிட்டுகளை வாரத்துக்கு இரண்டு என்று சமமாகப் பரப்பாமல், முதல் இரண்டு வாரத்தில் குவித்தோம். முதல் நாளே மருந்துப் பையை மேஜையில் கொட்டச் சொன்னோம். இருதய நோயாளி வீட்டில் எடை மிஷின் இருக்கிறதா என்று பார்த்தோம். ஒரே நாளில் மூன்று பவுண்டு ஏறினால் எங்களைக் கூப்பிடு, காலையிலேயே கூப்பிடு என்று ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். நம்மூர்ப் பெரியவர்கள் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: ஊறுகாயும் அப்பளமும் எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள். "உப்பே போடறதில்லம்மா" என்று சொன்ன பாட்டி வீட்டில் நாலு வகை ஊறுகாய் கண்டுபிடித்திருக்கிறேன்.

இன்னொன்று, 2021 மே மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிகள் அட்மிஷன், டிஸ்சார்ஜ் தகவலை நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மின்னணு முறையில் அனுப்ப வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கேட்டு வாங்குங்கள். நம்மில் பலர் நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பதையே, பூட்டிய கதவைத் தட்டி நின்றபோதுதான் தெரிந்துகொள்கிறோம்.

பணம் எங்கிருந்து வரும் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நியாயம். 2020 ஜனவரியிலிருந்து மெடிகேர் முப்பது நாளுக்கு ஒரு தொகை என்றுதான் தருகிறது. பிசியோதெரபி விசிட்டைக் கூட்டிக் காசு பார்க்கும் காலம் அதோடு போயிற்று. 2023-இலிருந்து நாடு முழுக்க ஹோம் ஹெல்த் ஏஜென்சிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர் கணக்கும் அதில் உண்டு. அதை வைத்து 2025-இலிருந்து நம் தொகை 5 சதவீதம் வரை ஏறும் அல்லது இறங்கும். ஆக, ஏசிஓவே வேண்டாம் என்று சொல்கிறவருக்கும் அந்த வெள்ளிக்கிழமை செலவு வைக்கும்.

இனி ஹாஸ்பிஸ். இதை நிதானமாகப் பேச வேண்டும்.

அமெரிக்காவில் ஹாஸ்பிஸில் சேர்ந்து இறந்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தது சுமார் 18 நாளோ அதற்கும் குறைவோ. கால்வாசிப் பேர் ஐந்து நாள்கூட தாண்டுவதில்லை. 1983-இலிருந்து மெடிகேர் தருவது ஆறு மாசத்துக்கான ஏற்பாடு. அதைத் தாண்டியும் நீட்டலாம். ஐந்து நாளில் என்ன செய்ய முடியும்? கட்டில் வரும், ஆக்சிஜன் வரும், மார்ஃபின் உள்ள சின்ன மருந்துப் பெட்டி ஃப்ரிட்ஜுக்குப் போகும். எப்போது எடுக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. ராத்திரி அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. ஃப்ரிட்ஜில் மருந்து இருக்கிறது, கதவில் எங்கள் நம்பர் ஒட்டியிருக்கிறது, அவள் கை 911-ஐத்தான் அடிக்கிறது. அப்பா எமர்ஜென்சி ரூம் விளக்கு வெளிச்சத்தில் போய்ச் சேர்கிறார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன்.

நம் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் கஷ்டம். "அக்கா, அம்மாகிட்ட அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க" என்று வாசலிலேயே மகன் கையைப் பிடித்துக்கொள்வார். ஹாஸ்பிஸ் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் ஆகிவிட்டது. அதற்கு விதியும் ஒரு காரணம்: ஹாஸ்பிஸில் சேர்ந்தால் அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. கீமோவா, நாங்களா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்த மகன் எங்களைத் தேர்ந்தெடுப்பான்?

மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியின் ஜெனிஃபர் டெமல் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வைப் பலர் படித்திருப்பீர்கள். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலிநிவாரணப் பராமரிப்பும் பெற்றவர்களுக்குக் கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சை குறைந்தது, ஆயுளோ நடுமட்டத்தில் 8.9 மாசத்துக்குப் பதில் 11.6 மாசம். 2016 முதல் 2021 வரை மெடிகேர் நோய்க்கான சிகிச்சையையும் ஹாஸ்பிஸ் போன்ற பராமரிப்பையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. ஏசிஓ ரீச் என்ற இன்னொரு ஏசிஓ திட்டத்திலும் சேர்த்துப் பெற வழி வைத்தார்கள். ஹாஸ்பிஸ் நடத்துகிறவர்கள் தங்கள் நர்ஸையும் சமூகப் பணியாளரையும் ஹாஸ்பிஸுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே அந்த வீட்டுக்குள் அனுப்ப ஏசிஓவோடு ஒப்பந்தம் போட வேண்டும். முகம் பழகிய பிறகு அந்த வார்த்தையைச் சொல்வது வேறு.

ஆனால் ஏசிஓ நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. நாம் நாள் கூலி வாங்குகிறோம். ஹாஸ்பிஸ் செலவும் ஏசிஓ கணக்கில்தான் ஏறுகிறது. மறதி நோயாளிகளை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு, செலவு கூடும்போது உயிரோடு டிஸ்சார்ஜ் செய்கிற இடங்கள் உண்டு என்று இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அப்படி உயிரோடு டிஸ்சார்ஜ் ஆனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே எடுத்து வையுங்கள்.

அவர்களைப் பார்த்து நமக்கும் சந்தேகம் வர வேண்டும். செலவு மிச்சமானால் பங்கு என்று இருக்கும் இடத்தில், சாகப்போகிறவரிடம் "ஹாஸ்பிஸ் போலாமே" என்று சொல்பவர் யார் நலனுக்காகச் சொல்கிறார்? ஒருமுறை ஒரு டாக்டர் அலுவலகத்திலிருந்து எங்களை அனுப்பினார்கள். போனால், அந்த அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எங்களை ரத்தம் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துக் கையை நீட்டினார். நான் கையெழுத்து வாங்கவில்லை, டீ குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்த அலுவலகத்தோடு சண்டை. ஏசிஓவில் இருந்தாலும் நோயாளி எந்த ஏஜென்சியையும் தேர்ந்தெடுக்கலாம், ஹாஸ்பிஸிலிருந்து எந்த நாளும் விலகலாம் என்பதை அவர்களுக்குப் புரிகிற மொழியில் நாம்தான் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் நர்ஸ் ஒருவரையாவது வைத்திருங்கள் என்று நான் கேட்பது பாசத்தினால் மட்டும் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கேள்விகளைக் காபியோடு வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் கை தூக்கினீர்களே, இப்போது மணி மூன்று. உங்கள் நோயாளி வீட்டுக்கு வந்து ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. இன்னும் யாரும் போகவில்லை என்றால் காபி வேண்டாம், வெளியே போய் ஒரு போன் போட்டு, மருந்துப் பையை மேஜையில் கொட்டச் சொல்லுங்கள்.