மாரிமுத்துவை எந்தப் பெயரில் தேடுவது?

வணக்கம் நேயர்களே.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குச் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், மெர்போக்கில் யூஐடிஎம் (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) வளாகம், சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கழகம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இப்படி அருகருகே இருக்கும் கல்லூரிகளின் நூலகர்கள் கூடினால் நிதி, இடம், ஆள் பற்றாக்குறை பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனாலும் முதல் வேலையாகத் தமிழ் எழுத்தாளர் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயர். அடையாள அட்டையில் மாரிமுத்து ஏ/எல் இராமசாமி. ‘ஏ/எல்’ என்றால் ‘இன்னாரின் மகன்’. ஒரு நூலில் இரா. மாரிமுத்து, இன்னொரு நூலில் ஆர். மாரிமுத்து. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எண்ணி இராமசாமியை முன்னால் பதிந்தால், நூல் தந்தையின் பெயருக்குக் கீழே போய்விடும். தலைப்பெழுத்து முன்னால் வரும் பெயரில் கடைசிச் சொல் அவருடைய சொந்தப் பெயர். நடுவில் ஏ/எல் வந்தால் முதல் சொல் சொந்தப் பெயர். இதைக் கவனிக்காவிட்டால் நூற்பட்டியலில் ஒருவரே மூன்று பேராகிவிடுவார்.

ஒவ்வொரு நூலகமும் 20 தமிழ் நூல்களைக் கொண்டுவரட்டும். மேலட்டையை நம்பாமல் உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டிலும் பெயர் வேறுபடுவது உண்டு. ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: அச்சில் உள்ள பெயர், சொந்தப் பெயர், தந்தை பெயர், முடிவு செய்த வடிவம், மற்ற வடிவங்கள். புனைபெயரால்தான் ஊர் அறியும் என்றால் புனைபெயரே முடிவு வடிவமாகட்டும். முடிவு செய்தது, நூல் விவரத்தைக் கணினியில் பதியும் மார்க் பதிவின் 100ஆம் புலத்துக்கும் (புலம் என்பது எண்ணிட்ட கட்டம்), மற்றவை ஒருவரின் பெயர் வடிவங்களைச் சேர்த்து வைக்கும் பெயர் ஆணைப்பதிவின் 400ஆம் புலத்துக்கும் போகும். ஓர் அமர்வுக்கு 30 பெயர் போதும். அதற்கு மேல் போனால் சோர்வில் தவறு புகும்.

அடுத்தது, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் எழுத்துக்கூட்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் ‘சங்கம்’ சி-யில் தொடங்கும். மாணவர் எஸ்-இல் தேடுவார். ‘ழ’கரத்துக்கு அங்கே அடிக்கோடிட்ட எல், மாணவர் இசட்-எச் தட்டுவார். நூல் அலமாரியில்தான் இருக்கும், பிள்ளையோ ‘இல்லை’ என்று திரும்பிப் போகும். இது மனத்தை வருத்தும் செய்தி. மக்கள் எழுதும் வடிவத்தை, மாற்றுத் தலைப்புகளுக்கான 246ஆம் புலத்தில் சேருங்கள். தமிழ் எழுத்திலேயே தலைப்பை 880ஆம் புலத்தில் இட்டு, உட்புலம் 6 வழியாகத் தலைப்புக்குரிய 245உடன் இணையுங்கள்.

தமிழில் தட்டும்போதும் ஒரு வலை உண்டு. ‘ஔ’ ஒரே எழுத்து. பலர் ஒ, ள என இரண்டாகத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு. ஔவையாரை இரு வடிவிலும் தேடிப் பாருங்கள்.

பதிவு முழுதும் கேள்விக்குறியாக வந்தால், மார்க் பதிவின் தொடக்கத்தில் வரும் தலைப்பதிவின் 9ஆம் இடத்தில் (சுழியத்திலிருந்து எண்ணி) ‘ஏ’ (a) என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். யூனிகோடுக்கு அதுவே அடையாளம். வெற்றிடம் என்றால் மார்க்-8 என்ற பழைய எழுத்துக் குறிமுறை. அதில் தமிழுக்கு இடமில்லை. கோஹா என்ற நூலக மென்பொருளில் ஸீப்ரா தேடுபொறி என்றால், யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றிவிட்டு, முழுவதையும் மறுபடி சுட்டியிட (தேடல் அட்டவணை போட) வேண்டும்.

பெயர்த் தாளை ஒரே நூலகம் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை புதிய வடிவங்களை எல்லாருக்கும் அனுப்பட்டும். நன்றி, வணக்கம்.