இரண்டு வருஷம், இரண்டு வாரம்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஓமந்தூராரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "ஆஸ்பத்திரியைப் பற்றியா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆளே அப்படி இருந்துவிட்டுப் போனவர்.

திண்டிவனத்துப் பக்கம் ஓமந்தூரில் 1895-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் 23-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். மாகாணமும் இன்றைய தமிழ்நாடு அல்ல. ஆந்திரக் கரை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். முன்பு பிரதமராக இருந்த பிரகாசத்தின் ஆட்சி கவிழ்ந்ததும் காமராஜர் இவரைத் தேடிப் பிடித்தார். இவரோ தயங்கினார். திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார் என்று சொல்வார்கள்.

அந்தத் தயக்கத்தில்தான் அவருடைய பலம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்காலி நாளைக்கும் வேண்டும் என்று நினைப்பவர் கோயிலில் கைவைக்க மாட்டார், ஜமீனில் கைவைக்க மாட்டார். இவர் இரண்டிலும் வைத்தார். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயில் கதவைத் திறக்கும் சட்டம் 1947-இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் இறுதியிலிருந்தே போராடி வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. அடுத்த வருஷம் ஜமீன் ஒழிப்பு. சேலத்தில் ராஜாஜி 1937-இல் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் ஆனது. கஜானாவுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று தெரிந்தேதான் செய்தார்.

கோயில் சொத்து நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பியபோது, "இவர் தாடியில்லாத ராமசாமி நாயக்கர்" என்று கிண்டல் செய்தார்கள். நெற்றி நிறைய நீறு பூசுகிற வள்ளலார் அடியார் இவர்! வேடிக்கை என்னவென்றால், தாடி வைத்த ராமசாமி அதே ஆண்டுகளில் இவரை எதிர்த்துத் தெருவில் நின்றார். 1948-இல் பெரியாரின் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டது இவருடைய அரசு. பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கி, பெரியாரையும் அண்ணாவையும் போராட்டத்துக்கு இழுத்ததும் இதே அரசுதான். பாராட்டுக் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். சொல்லாமல் விட்டால் அது பாராட்டே அல்ல. எதற்கும் அஞ்சாதவருக்குக் கை நீளும், ஆனால் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். 1937-இல் ராஜாஜிக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் இந்தியைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

அந்த மந்தம் சொந்தக் கட்சிக்குள்ளும் அவரைப் பாதித்தது. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு முகம் கொடுத்து, சிபாரிசு கேட்டு, தட்டிக்கொடுத்து வைத்துக்கொள்ள அவருக்கு வரவில்லை. கொண்டுவந்த காமராஜரின் ஆதரவும் விலகியது. பாரதியின் எழுத்துக்களின் உரிமையை அரசாங்கமே வாங்கும் என்று அறிவிப்பு வந்தது 1949 மார்ச்சில். ஏப்ரல் 6-இல் ஓமந்தூரார் பிரதமராக இல்லை. ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா வந்துவிட்டார். கணக்குப் போட்டால் இரண்டு வருஷம், இரண்டு வாரம்.

பதவி போன அரசியல்வாதி என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். கோஷ்டி சேர்ப்பார், டெல்லிக்கு ரயில் ஏறுவார். இவர் வடலூருக்குப் போனார். அப்போது வயது 54. அரசியலில் அது இளமை. வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு அணையாமல் எரிகிற ஊரில் சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்தார், பள்ளிகளைக் கவனித்தார். 1970-இல் கண்மூடும்வரை 21 ஆண்டுகள். பதவியில் இருந்ததைப்போலப் பத்து மடங்கு காலம்!

சென்னையில் அவர் பெயரால் அரசினர் தோட்டம் இருக்கிறது. 2010-இல் அங்கே புதிய சட்டமன்றம் கட்டித் திறந்தார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பிவிட்டது. 2014-இல் அந்தக் கட்டடம் மருத்துவமனை ஆனது. இன்று காலையிலேயே சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்கள் அதை "ஓமந்தூரார்" என்றுதான் சொல்கிறார்கள். நாற்காலி அங்கே அவரிடம் இரண்டு வருஷம்கூடத் தங்கவில்லை, பாருங்கள்.

வணக்கம்.